வீட்டுக் கணினியில் லினக்ஸ் கெர்னலை நாமே கம்பைல் செய்வது எப்படி

டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பு) தரும் கெர்னலை, அதாவது வன்பொருளை இயக்கும் மைய நிரலை, விட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்றை மூலத்திலிருந்து கட்ட, அதாவது கம்பைல் செய்ய, நியாயமான காரணங்கள் சில உண்டு. புதிதாக வந்த வைஃபை சிப்புக்கு உங்கள் டிஸ்ட்ரோவின் கெர்னலில் இன்னும் டிரைவர் வந்திருக்காது. ஒரு பிழைக்கு யாரோ பேட்ச் (திருத்தக் கோப்பு) அனுப்பியிருப்பார்கள். அது உங்கள் மடிக்கணினியில் வேலை செய்கிறதா என்று சோதித்துச் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்குத் தேவையான ஒரு வசதியை டிஸ்ட்ரோ அணைத்து வைத்திருக்கும். அல்லது, போன பதிப்பு வரை ஒழுங்காகத் தூங்கி எழுந்த கணினி இந்தப் பதிப்பில் எழ மறுக்கும். இடையில் எந்த மாற்றம் அதைக் கெடுத்தது என்று பைசெக்ட் செய்து (பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து) பிடிக்க வேண்டும்.

வேகம் கூடும் என்பதற்காக மட்டும் இறங்க வேண்டாம். டிஸ்ட்ரோ கெர்னலில் ஆயிரக்கணக்கான டிரைவர்கள் இருந்தாலும் பெரும்பாலானவை மாட்யூல்களாக (தேவைப்படும்போது மட்டும் ஏற்றப்படும் துண்டுகளாக) டிஸ்க்கில் கிடப்பவை. அந்தச் சாதனம் உங்கள் கணினியில் இல்லையென்றால் அவை ரேமுக்கு வருவதே இல்லை. அவற்றை நீக்கினால் டிஸ்க்கில் இடம் மிச்சமாகும், கம்பைல் நேரம் குறையும். பிரவுசர் வேகமாகத் திறக்காது.

கம்பைல் செய்வதைக் கணினியே பார்த்துக்கொள்ளும். உங்கள் கவனம் முழுக்க இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்: கான்ஃபிக் (கெர்னலில் எந்தெந்த வசதி வேண்டும் என்று சொல்லும் கோப்பு) சரியாக இருக்கிறதா, பூட் ஆகவில்லை என்றால் பழைய கெர்னலுக்குத் திரும்ப வழி இருக்கிறதா. கீழே உள்ளவை 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கானவை. டெபியன், உபுண்டு வகைகளை முதன்மையாக வைத்துச் சொல்கிறோம். ஃபெடோரா, ஆர்ச் மாறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறோம். கட்டளைகளைப் படிக்கும் ஒலியில் தமிழில் கொடுத்திருக்கிறோம். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில், எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் தட்டவும். கான்ஃபிக் பெயர்களும் மதிப்பு ஏற்றும் மாறிகளும் பெரிய எழுத்தில் வரும். வேறு விதிவிலக்கு இருந்தால் அந்த இடத்திலேயே சொல்கிறோம்.

முதலில் இடமும் கருவிகளும்

சுருக்கிய கான்ஃபிக்கோடு, டீபக் தகவல் (கோளாறை ஆராய உதவும் கூடுதல் விவரம்) இல்லாமல் கட்டினால் 5 ஜிபி காலி இடம் பெரும்பாலும் போதும். டிஸ்ட்ரோவின் கான்ஃபிக்கை அப்படியே எடுத்து டீபக் தகவலோடு கட்டினால் 20 ஜிபியைத் தாண்டும். ரேம் 8 ஜிபி இருந்தால் நிம்மதி. 4 ஜிபியிலும் முடியும், ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எட்டுக் கோர் உள்ள இன்றைய கணினியில் சுருக்கிய கெர்னல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பழைய இரண்டு கோர் மடிக்கணினியில் முழு டிஸ்ட்ரோ கான்ஃபிக் பல மணி நேரம் எடுக்கும்.

/பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் 'டிஎஃப் -ஹெச் /பூட்' என்று பார்த்துவிடுங்கள். அங்கே 200 எம்பியாவது காலியாக இல்லையென்றால் இன்ஸ்டால் பாதியில் நின்றுபோகும். பாதி எழுதப்பட்ட இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் பார்ட்டிஷனை அடையும் வரை பூட்டின் தொடக்கத்தில் பயன்படும் சிறு ஃபைல் சிஸ்டம்) கோப்போடு பூட் செய்ய முயல்வது வீண் தலைவலி.

டெபியன், உபுண்டுவில் ஏபிடி மூலம் போட வேண்டிய பேக்கேஜ்கள்: பில்டு-எசென்ஷியல், ஃப்ளெக்ஸ், பைசன், பிசி, சிபிஐஓ, ஆர்சின்க், டெப்ஹெல்பர், டுவார்வ்ஸ், லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ், லிப்டிடபிள்யூ-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ். இதில் டுவார்வ்ஸைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். அதற்குள்தான் பஹோல் என்ற நிரல் இருக்கிறது. டிஸ்ட்ரோ கான்ஃபிக்கில் பிடிஎஃப் தகவல் (கெர்னலின் தரவு வகைகளைப் பற்றிய ஒரு வகை டீபக் விவரம்) இயக்கத்தில் இருந்தால் பஹோல் கட்டாயம் வேண்டும். லிப்எஸ்எஸ்எல்-டெவ் இல்லையென்றால் ஓபன்எஸ்எஸ்எல் ஹெடர் கோப்பு கிடைக்கவில்லை என்று தொடக்கத்திலேயே நிற்கும். லிப்என்கர்சஸ்-டெவ் மெனுகான்ஃபிக் திரைக்கு மட்டும் தேவை.

மூலத்தை எடுத்துச் சரிபார்ப்பது

கெர்னல் டாட் ஓஆர்ஜி தளத்தில் மெயின்லைன் (புது வசதிகள் சேரும் வரிசை), ஸ்டேபிள் (வெளியான பதிப்பின் திருத்தங்கள்), லாங்டெர்ம் (நெடுங்காலம் திருத்தங்கள் வருவது) என்று மூன்று வகை இருக்கும். குறிப்பிட்ட புது வன்பொருளுக்காக வரவில்லையென்றால் லாங்டெர்மை எடுங்கள். 2024 நவம்பரில் வெளியான 6.12 அந்த வகைதான். நிகழ்நேரக் கெர்னலுக்கான ப்ரீஎம்ப்ட்_ஆர்டி மெயின்லைனில் சேர்ந்து வந்ததும் அந்தப் பதிப்பில்தான். புள்ளிக்குப் பிறகு வரும் மூன்றாவது எண் எது பெரியதோ அதையே எடுக்க வேண்டும். திருத்தங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

டார் எக்ஸ்இசட் கோப்பு 140 எம்பி அளவில் இருக்கும், விரித்தால் ஒன்றரை ஜிபிக்கு வரும். கூடவே .சைன் என்று முடியும் கையெழுத்துக் கோப்பையும் இறக்குங்கள். அந்தக் கையெழுத்து சுருக்கிய கோப்புக்கு உரியதல்ல, விரித்த டார் கோப்புக்கு உரியது. முதலில் 'அன்எக்ஸ்இசட்' கொடுத்து டாராக மாற்றிய பிறகுதான் 'ஜிபிஜி --வெரிஃபை' கொடுக்க வேண்டும். வரிசை மாறினால் கோப்பு நன்றாக இருந்தும் தவறு என்றே காட்டும். ஸ்டேபிள், லாங்டெர்ம் வெளியீடுகளில் பெரும்பாலும் கிரெக் க்ரோவா-ஹார்ட்மனின் கையெழுத்து இருக்கும், மெயின்லைனில் லினஸ் டோர்வால்ட்ஸின் கையெழுத்து இருக்கும்.

விரிக்கும் இடத்தைப் பற்றி மூன்று விஷயம். ஹோம் ஃபோல்டருக்குள் வையுங்கள், /யுஎஸ்ஆர்/எஸ்ஆர்சி/லினக்ஸ் வேண்டாம். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் பார்ட்டிஷனில் வைக்காதீர்கள். கெர்னல் மூலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மட்டுமே வேறுபடும் கோப்புப் பெயர்கள் இருக்கின்றன. அந்த வேறுபாட்டைப் பார்க்காத ஃபைல் சிஸ்டத்தில் விரித்தால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுவிடும். மூன்றாவது, ஃபோல்டர் பாதையில் இடைவெளியோ முக்காற்புள்ளியோ இருக்கக் கூடாது. கம்பைலை நடத்தும் மேக் நிரல் உடனே மறுத்துவிடும். 'என் கெர்னல்' என்று இடைவெளி விட்டுப் பெயர் வைத்தால் முதல் கட்டளையிலேயே நிற்பீர்கள்.

இனி இன்ஸ்டால் செய்யும் கட்டம் வரை எதற்கும் சூடோ (ரூட் எனப்படும் நிர்வாகியின் உரிமையில் ஓட்டும் கட்டளை) தேவையில்லை. ரூட்டாகக் கம்பைல் செய்யாதீர்கள்.

கான்ஃபிக்: அவசரப்படக் கூடாத இடம்

வெறும் கையில் தொடங்கி ஒவ்வொரு வசதியாகத் தேர்ந்தெடுப்பது முதல் முறைக்கு வேண்டாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கான்ஃபிக்கை எடுத்து அதைச் செதுக்குவதுதான் வழி. டெபியன், உபுண்டு, ஃபெடோராவில் அது /பூட் ஃபோல்டரில் 'கான்ஃபிக்-' என்று தொடங்கி, 'யூநேம் -ஆர்' காட்டும் பதிப்புப் பெயரோடு இருக்கும். ஆர்ச்சில் /ப்ராக்/கான்ஃபிக்.ஜிஇசட் கோப்பை 'இசட்கேட்' கொண்டு விரித்தெடுக்கலாம். மூல ஃபோல்டருக்குள் .கான்ஃபிக் என்ற பெயரில் வையுங்கள், பெயர் புள்ளியோடு தொடங்க வேண்டும். பிறகு:

மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்

பழைய கான்ஃபிக்கில் இல்லாத புது வசதிகளுக்கு இது இயல்பு மதிப்பைப் போட்டுவிடும். ஒவ்வொன்றையும் படித்து முடிவெடுக்க விரும்பினால் 'மேக் ஓல்ட்கான்ஃபிக்' இருக்கிறது; பதிப்பு வித்தியாசம் அதிகமானால் நூற்றுக்கணக்கில் கேள்வி கேட்கும்.

அடுத்தது சுருக்குவது. 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளை, இந்த நொடியில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை எல்எஸ்மாட் மூலம் பார்த்து, மற்ற மாட்யூல்களை எல்லாம் கான்ஃபிக்கிலிருந்து அணைத்துவிடும். பல ஆயிரம் மாட்யூல்கள் சில நூறாகக் குறையும். இதன் பலமும் ஆபத்தும் ஒன்றேதான்: இப்போது பயன்பாட்டில் இல்லாத எதுவும் புதிய கெர்னலில் இருக்காது. பென் டிரைவ் செருகாமல் இந்தக் கட்டளையை ஓட்டினால், யுஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூல் போய்விடும். புதிய கெர்னலில் பென் டிரைவைச் செருகும்போது டிஎம்இஎஸ்ஜியில் (கெர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) சாதனத்தின் பெயர் மட்டும் வரும், /டெவ் ஃபோல்டரில் எஸ்டிபி, எஸ்டிசி என்று எதுவும் முளைக்காது.

அதனால் ஓட்டுவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு முறை செருகி, இயக்கிப் பாருங்கள். பென் டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க், யுஎஸ்பி ஹெட்செட், வெப்கேம், கேம்பேடு, ப்ளூடூத் இயர்ஃபோன், யுஎஸ்பி வழியாக இன்டர்நெட் பகிரும் கைபேசி. செருகியதைக் கழற்றினாலும் மாட்யூல் ஏறியபடியே இருக்கும். இடையில் ரீபூட் மட்டும் கூடாது. விபிஎன், டாக்கர், விர்ச்சுவல் மெஷின் பயன்படுத்துகிறவர்கள் அவற்றையும் ஒரு தடவை ஓடவிடுங்கள். டன், வயர்கார்டு, ஓவர்லே, வீத், பிரிட்ஜ், என்எஃப்_டேபிள்ஸ், கேவிஎம் மாட்யூல்கள் அப்போதுதான் பட்டியலில் வரும். ஸ்னாப் பேக்கேஜ்களுக்கு லூப், ஸ்குவாஷ்எஃப்எஸ் இரண்டும் வேண்டும்.

இப்படி எவ்வளவு பார்த்தாலும் ஏதாவது விட்டுப்போகும். அதற்கு எல்எம்சி_கீப் என்ற மாறி இருக்கிறது. அதில் தரும் ஃபோல்டர்களுக்குள் லோக்கல்மாட்கான்ஃபிக் கை வைக்காது:

மேக் எல்எம்சி_கீப்="டிரைவர்ஸ்/யுஎஸ்பி:டிரைவர்ஸ்/ஹெச்ஐடி:எஃப்எஸ்" லோக்கல்மாட்கான்ஃபிக்

யுஎஸ்பி, கீபோர்டு-மவுஸ் வகைகள், ஃபைல் சிஸ்டம்கள் மூன்றையும் முழுதாக வைத்துக்கொள்வதால் கம்பைல் நேரம் கொஞ்சம் கூடும். அந்த விலை தாராளமாகக் கொடுக்கத் தக்கது. அடுத்த மாதம் யாரோ எக்ஸ்ஃபேட் கார்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கும்போது மறுபடி கம்பைல் செய்ய உட்கார வேண்டியதில்லை.

இனி 'மேக் மெனுகான்ஃபிக்'. டெர்மினல் குறைந்தது 80 எழுத்து அகலமும் 19 வரி உயரமும் இருக்க வேண்டும், இல்லையென்றால் திறக்காது. சாய்கோட்டை அழுத்தினால் தேடலாம். முடிவுகளின் பக்கத்தில் இருக்கும் எண்ணை அழுத்தினால் நேராக அந்த இடத்துக்குப் போகும். ஒய் என்றால் கெர்னலுக்குள்ளேயே சேர்ப்பது, எம் என்றால் மாட்யூல், என் என்றால் வேண்டாம்.

எதை ஒய் ஆக்குவது, எதை எம் ஆக்குவது என்பதில்தான் குழப்பம் வரும். ரூட் பார்ட்டிஷனை அடையத் தேவையானவை, அதாவது என்விஎம்இ அல்லது சாட்டா ஏஹெச்சிஐ டிரைவர், எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம், இவற்றை ஒய் ஆக்கினால் நல்லது. இனிட்ராம்எஃப்எஸ்ஸில் ஏதாவது பிசகினாலும் கெர்னலுக்கு டிஸ்க் தெரியும். அதற்காக இனிட்ராம்எஃப்எஸ்ஸே வேண்டாம் என்று விட்டுவிட முடியாது: கிரப் (கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பூட் செய்யும் நிரல்) கொடுக்கும் ரூட் பாராமீட்டரில் ஃபைல் சிஸ்டத்தின் யுயுஐடி (தனி அடையாள எண்) இருந்தால், அதைத் தேடிக் கண்டுபிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருக்கும் நிரல்கள். கெர்னலுக்குத் தானாகப் புரிவது பார்ட்டிஷனின் அடையாள எண்ணான பார்ட்யுயுஐடிதான். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தாலும் எல்விஎம் இருந்தாலும் இனிட்ராம்எஃப்எஸ் கட்டாயம்.

வைஃபை, கிராஃபிக்ஸ் டிரைவர்களை எம் ஆகவே விடுங்கள். ஐ915, ஏஎம்டிஜிபியூ, ஐடபிள்யூஎல்வைஃபை போன்றவை எழுந்ததும் ஃபர்ம்வேர் கோப்பைத் தேடும். அவற்றை ஒய் ஆக்கினால் ரூட் பார்ட்டிஷன் மவுன்ட் ஆவதற்கு முன்பே எழுந்துவிடும். அந்த நேரத்தில் ஃபர்ம்வேர் ஃபோல்டர் இருக்காது. 'டைரக்ட் ஃபர்ம்வேர் லோடு... ஃபெயில்டு வித் எரர் -2' என்ற வரி இதைத்தான் சொல்கிறது. -2 என்றால் அப்படி ஒரு கோப்பு இல்லை என்று பொருள். இதே காரணத்துக்காக 'மேக் லோக்கல்யெஸ்கான்ஃபிக்' என்ற கட்டளையையும் தவிர்ப்பது நல்லது. அது எல்லாவற்றையும் ஒய் ஆக்கிவிடும்.

கட்டாயம் மாற்ற வேண்டியவை மூன்று இருக்கின்றன. மெனுவில் தேடுவதைவிட மூல ஃபோல்டரில் இருக்கும் ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக் என்ற சிறு கருவியால் மாற்றுவது எளிது.

ஒன்று, சான்றிதழ். டெபியன், உபுண்டு கான்ஃபிக்கில் சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ் என்ற இடத்தில் அவர்களுடைய .பெம் கோப்பின் பாதை இருக்கும். அந்தக் கோப்பு நீங்கள் இறக்கிய மூலத்தில் கிடையாது. காலியாக்காமல் விட்டால், கம்பைல் கொஞ்ச தூரம் ஓடியபின் 'நோ ரூல் டு மேக் டார்கெட்' என்று .பெம் கோப்பின் பெயரோடு நிற்கும். முதல் முறை செய்பவர்களில் மிகப் பலர் மாட்டும் இடம் இதுதான்.

ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக் --செட்-எஸ்டிஆர் சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ் ""
ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக் --செட்-எஸ்டிஆர் சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ் ""

இரண்டு, டீபக் தகவல். கெர்னல் கோளாறை ஆழமாக ஆராயப் போவதில்லை என்றால் இதை அணைத்துவிடுங்கள். டிஸ்க் இடமும் லிங்க் செய்யும்போது பிடிக்கும் ரேமும் வெகுவாகக் குறையும். மெனுவில் 'கெர்னல் ஹேக்கிங்' பகுதிக்குள் டீபக் இன்ஃபர்மேஷன் என்ற தேர்வில் 'டிஸேபிள்' என்று வையுங்கள். பிபிஎஃப் (கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓடவிடும் வசதி) சார்ந்த கருவிகள் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும் பிடிஎஃப் தேவைப்படும். அவர்கள் டுவார்வ்ஸைப் போட்டுவிட்டு இதை அப்படியே விடலாம்.

மூன்று, பெயர். 'ஜெனரல் செட்டப்' பகுதியில் லோக்கல் வெர்ஷன் என்ற இடத்தில் '-வீடு1' போல ஒன்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில், ஹைஃபனோடு கொடுங்கள். பெரிய எழுத்தும் அடிக்கோடும் டெபியன் பேக்கேஜ் பெயரில் செல்லாது. இந்தப் பெயர் இருந்தால்தான் உங்கள் மாட்யூல்கள் தனி ஃபோல்டரில் விழும். அதே எண்ணுள்ள வேறு கெர்னலின் மாட்யூல்கள் மேல் எழுதாது. கான்ஃபிக்கை மாற்றி மறுபடி கட்டும் ஒவ்வொரு முறையும் எண்ணை ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் .கான்ஃபிக் கோப்பை மூல ஃபோல்டருக்கு வெளியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். 'மேக் கிளீன்' அதைத் தொடாது. 'மேக் எம்ஆர்ப்ராப்பர்' கேட்காமல் அழித்துவிடும்.

கம்பைல்

டெபியன், உபுண்டுவில் நேராக பேக்கேஜாகவே கட்டுங்கள்:

மேக் -ஜே8 பின்டெப்-பிகேஜி 2>&1 | டீ ../பில்டு.லாக்

8 என்பது ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கை. 'என்ப்ராக்' காட்டும் கோர் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, ஒரு வேலைக்கு 1 ஜிபி ரேம் என்று கணக்குப் போட்டு, இரண்டில் எது குறைவோ அதைக் கொடுங்கள். -ஜே என்று மட்டும் எழுதி எண்ணை மறந்துவிட்டால் மேக் வரம்பே இல்லாமல் வேலைகளைத் தொடங்கும். ரேம் தீர்ந்து மவுஸ்கூட நகராமல் கணினி உறைந்துவிடும்.

பேக்கேஜாகக் கட்டச் சொல்வதற்குக் காரணம், பின்னால் நீக்குவது ஒரே கட்டளையில் முடியும் என்பது. தேவையான கருவி எதையாவது போடாமல் விட்டிருந்தாலும் தொடக்கத்திலேயே பெயர் சொல்லி நிறுத்திவிடும். ஃபெடோராவில் பின்ஆர்பிஎம்-பிகேஜி. ஆர்ச்சில் 6.11 முதல் பேக்மேன்-பிகேஜி. வேறு டிஸ்ட்ரோக்களில் வெறும் 'மேக் -ஜே8' கொடுத்துவிட்டுப் பிறகு கையால் இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகி, கட்டிலின் மேலோ போர்வையின் மேலோ இல்லாமல் மேசை மேல் வையுங்கள். எல்லாக் கோரும் முழு வேகத்தில் நெடுநேரம் ஓடப் போகின்றன.

நின்றுபோனால்

பல வேலைகள் ஒன்றாக ஓடும்போது பிழை வந்த பிறகும் மற்றவை சில வரிகளை எழுதிவிட்டுத்தான் நிற்கும். திரையின் கடைசியில் தெரியும் 'எரர் 2' எதையும் சொல்லாது. லாக் கோப்பில் மேலிருந்து முதலில் வரும் 'எரர்:' வரியைத் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் 'மேக் -ஜே1' என்று மறுபடி ஓட்டுங்கள். முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு, சிக்கிய கோப்பிலேயே வந்து நிற்கும்.

'கில்டு சிக்னல் டெர்மினேட்டட் ப்ரோக்ராம் சிசி1' என்று வந்தால் ரேம் தீர்ந்துவிட்டது. வேலைகளைப் பாதியாக்குங்கள், ஸ்வாப் சேருங்கள். கடைசிக் கட்டமான விஎம்லினக்ஸ் லிங்க் ஆகும்போது இப்படி நடந்தால் பிடிஎஃப் தகவலைச் சந்தேகிக்கலாம். ஜிசிசி 15 வைத்து பழைய கெர்னலைக் கட்டினால் 'ஃபால்ஸ்' என்ற சொல்லைப் பெயராகப் பயன்படுத்த முடியாது என்று பிழை வரும். அந்த கம்பைலரில் சி23 தரம் இயல்பாகிவிட்டது, பழைய மூலம் அதற்கு முந்தைய தரத்தில் எழுதப்பட்டது. அதே லாங்டெர்ம் வரிசையில் புதிய திருத்தப் பதிப்பை எடுங்கள், அல்லது ஜிசிசி 14 போட்டு 'சிசி=ஜிசிசி-14' என்று மேக் கட்டளையோடு கொடுங்கள்.

'இன்டர்னல் கம்பைலர் எரர்: செக்மென்டேஷன் ஃபால்ட்' என்பது தனி ரகம். மறுபடி ஓட்டும்போது அதே கோப்பில் நின்றால் கம்பைலரின் குறையாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் நின்றால் பெரும்பாலும் ரேம் சரியில்லை, அல்லது ப்ராசஸர் அளவுக்கு மீறிச் சூடாகிறது. ஓவர்கிளாக் செய்திருந்தால் அதை விலக்கி, மெம்டெஸ்ட்86+ ஒரு இரவு முழுக்க ஓட்டிப் பாருங்கள். வேறு எந்த வேலையிலும் தலைகாட்டாத ரேம் கோளாறு கெர்னல் கம்பைலில் வெளியே வந்துவிடும். அந்த நிலையில் எப்படியோ கட்டி முடித்த கெர்னலை இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

இன்ஸ்டால்

முடிந்ததும் .டெப் கோப்புகள் மூல ஃபோல்டருக்கு ஒரு படி மேலே இருக்கும். லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-ஹெடர்ஸ் இரண்டையும் ஒன்றாக 'சூடோ டிபிகேஜி -ஐ' மூலம் போடுங்கள். லினக்ஸ்-லிப்சி-டெவ் என்றும் ஒன்று இருக்கும். அது டிஸ்ட்ரோவின் அதே பெயருள்ள பேக்கேஜின் இடத்தைப் பிடிக்கும், அதை விட்டுவிடுங்கள். இமேஜ் பேக்கேஜ் ஏறும்போதே இனிட்ராம்எஃப்எஸ் உருவாகி, கிரப் பட்டியலும் புதுப்பிக்கப்படும்.

என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கெர்னலுக்கும் வெளி மாட்யூல்களைத் தானாகக் கட்டும் கருவி) மூலம் மாட்யூல் கட்டுபவை. அவற்றுக்குத்தான் ஹெடர்ஸ் பேக்கேஜ் தேவை. மிகப் புதிய கெர்னலுக்கு அவை இன்னும் தயாராகாமல் இருப்பது சாதாரணம். இன்ஸ்டாலின்போது டிகேஎம்எஸ் தோல்வி என்று வந்தால் புறக்கணித்துவிட்டு ரீபூட் செய்யாதீர்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லாமல்தான் எழும்.

கையால் செய்கிறவர்களுக்கு:

சூடோ மேக் இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1 மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்
சூடோ மேக் இன்ஸ்டால்

ஸ்ட்ரிப் மாறி மாட்யூல்களிலிருந்து டீபக் தகவலை உரித்துவிடும். டீபக் தகவலோடு கட்டியவர்கள் இதை மறந்தால் இனிட்ராம்எஃப்எஸ் நூற்றுக்கணக்கான எம்பிக்கு வீங்கி /பூட் நிரம்பிவிடும். இரண்டாவது கட்டளை இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் கிரப்பையும் கவனித்துக்கொள்வது டிஸ்ட்ரோவைப் பொறுத்தது. /பூட் ஃபோல்டரில் உங்கள் பதிப்புப் பெயரோடு விஎம்லினுஇசட், இனிட்ராம்எஃப்எஸ் இரண்டும் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ரீபூட்.

செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்துள்ளதை மட்டும் பூட் செய்ய விடும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருக்கிறதா என்பதை 'மோக்யுடில் --எஸ்பி-ஸ்டேட்' சொல்லும். இருந்தால் நீங்கள் கட்டிய கெர்னலை 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று கிரப் நிராகரிக்கும். எளிய வழி, யுஇஎஃப்ஐ அமைப்பில் செக்யூர் பூட்டை அணைப்பது. அதே கணினியில் விண்டோஸும் பிட்லாக்கரும் இருந்தால், அணைப்பதற்கு முன் பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். அணைக்க விரும்பாதவர்கள் ஓபன்எஸ்எஸ்எல் கொண்டு சொந்தச் சாவி ஒன்றை உருவாக்கி, 'மோக்யுடில் --இம்போர்ட்' மூலம் பதிந்து, ரீபூட்டில் வரும் நீலத் திரையில் என்ரோல் செய்து, 'எஸ்பிசைன்' கொண்டு விஎம்லினுஇசட் கோப்பில் கையெழுத்திட வேண்டும். உபுண்டு டிகேஎம்எஸ்ஸுக்காக ஏற்கெனவே உருவாக்கி வைத்திருக்கும் மோக் சாவி இதற்கு உதவாது. அது மாட்யூல்களில் கையெழுத்திட மட்டும் என்று குறிக்கப்பட்ட சாவி. கிரப்புக்கு முன் ஓடிக் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஷிம் அதைக் கெர்னலுக்கு ஏற்காது.

முதல் பூட்

டிஸ்ட்ரோவின் பழைய கெர்னலை எந்தக் காரணம் கொண்டும் நீக்காதீர்கள். கிரப் பட்டியல் திரையில் வருவதில்லை என்றால் /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் கிரப்_டைம்அவுட்_ஸ்டைலை 'மெனு' என்றும் கிரப்_டைம்அவுட்டை 10 என்றும் மாற்றி 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுங்கள். இதை ரீபூட்டுக்கு முன்பே செய்ய வேண்டும். ரீபூட் ஆனதும் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் உங்கள் கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பதிப்பு எண் பெரியதை கிரப் முதலில் வைக்கும். டிஸ்ட்ரோவின் கெர்னலைவிட உங்களுடைய எண் சிறியதாக இருந்தால் தானாகத் தேர்வாகாது.

எழுந்ததும் 'யூநேம் -ஆர்' உங்கள் பெயரைக் காட்டுகிறதா பாருங்கள். 'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு' எதையாவது பட்டியலிட்டால் அது விட்டுப்போன மாட்யூலின் அறிகுறி. 'எல்எஸ்பிசிஐ -கே' கொடுத்து ஒவ்வொரு சாதனத்துக்கும் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' வரி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கெர்னலில் இதே வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து வைத்திருந்தால் 'டிஃப்' போட்டு ஒரே பார்வையில் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒலி, வைஃபை, ப்ளூடூத், வெப்கேம், தூக்கம் போட்டு எழுப்புவது, இத்தனையும் ஒரு முறை சோதிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

எழவில்லை என்றால்

பழைய கெர்னலில் பூட் செய்துகொள்ளலாம், எதுவும் போய்விடவில்லை. புதியதில் என்ன நடக்கிறது என்று பார்க்க, கிரப்பில் அந்த வரியின் மேல் நின்று 'ஈ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'குவயட் ஸ்ப்ளாஷ்' இரண்டையும் எடுத்துவிட்டு கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்துங்கள்.

'விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்(0,0)' என்று பேனிக் (கெர்னல் மேலே தொடர முடியாமல் நிற்பது) வந்தால், அந்த 0,0 முக்கியம். கெர்னலுக்கு எந்த டிஸ்க்கும் தெரியவில்லை என்று அர்த்தம். இனிட்ராம்எஃப்எஸ் உருவாகவே இல்லை, அல்லது டிஸ்க் டிரைவர் கான்ஃபிக்கில் இல்லை. அடைப்புக்குள் வேறு எண் வந்தால் டிஸ்க் தெரிகிறது, பெரும்பாலும் ஃபைல் சிஸ்டம் டிரைவர்தான் இல்லை. முதல் சந்தேகத்துக்கு, பழைய கெர்னலில் இருந்துகொண்டு 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே' என்று எழுதி, பக்கத்தில் புதிய பதிப்பின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள்.

பேனிக் ஆகாமல் 'யுயுஐடி டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் நின்றால், அங்கேயே 'பிளாக்ஐடி' என்பதன் சுருக்கமான பிஎல்கேஐடி கட்டளையை அடியுங்கள். டிஸ்க்கே பட்டியலில் இல்லையென்றால் கான்ஃபிக்கில் என்விஎம்இ, ஏஹெச்சிஐ, அல்லது இன்டெல் விஎம்டி விட்டுப்போயிருக்கிறது. புதிய இன்டெல் மடிக்கணினிகள் சிலவற்றில் என்விஎம்இ டிஸ்க் விஎம்டிக்குப் பின்னால் இருக்கும்; என்விஎம்இ டிரைவர் மட்டும் இருந்து பயனில்லை.

கடவுச்சொல் கேட்கும் திரை வந்தும் கீபோர்டு வேலை செய்யவில்லையென்றால் எக்ஸ்ஹெச்சிஐ, யுஎஸ்பி ஹெச்ஐடி, சில மடிக்கணினிகளில் ஐ2சி ஹெச்ஐடி இவற்றைப் பாருங்கள். திரை கறுத்துப்போனால் 'நோமோட்செட்' பாராமீட்டரோடு பூட் செய்து, உள்ளே வந்து டிஎம்இஎஸ்ஜியில் ஃபர்ம்வேர் வரிகளைத் தேடுங்கள்.

அதற்குப் பிறகு

உங்கள் கெர்னலில் பூட் செய்யும் நாள் முதல் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் ஏபிடி வழியாக வராது. நீங்களேதான் கட்ட வேண்டும். லாங்டெர்ம் வரிசைகளில் திருத்தப் பதிப்புகள் அடிக்கடி வருகின்றன, சில வாரங்களில் ஒரே வாரத்தில் இரண்டுகூட வரும். புதிய டாரை இறக்கி, பத்திரமாக வைத்த .கான்ஃபிக்கை உள்ளே போட்டு, 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்', பிறகு கம்பைல். லோக்கல்மாட்கான்ஃபிக் மறுபடி தேவையில்லை. தளத்தில் கிடைக்கும் பேட்ச் கோப்பு மூலம் புதுப்பிக்க நினைத்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: 6.12.5க்கான பேட்ச் 6.12 மேல் போட வேண்டியது, 6.12.4 மேல் அல்ல. பழைய பேட்சை 'பேட்ச் -ஆர்' (இங்கே ஆர் மட்டும் பெரிய எழுத்து) கொண்டு விலக்கிவிட்டே புதியதைப் போட வேண்டும்.

அடிக்கடி கட்டுகிறவர்கள் சிகேஷ் (முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் கருவி) போட்டு 'சிசி="சிகேஷ் ஜிசிசி"' என்று கொடுத்தால் இரண்டாவது முறையிலிருந்து நேரம் நன்றாகக் குறையும்.

நீக்குவதற்கு, பேக்கேஜாகப் போட்டவர்கள் வேறு கெர்னலில் பூட் செய்துகொண்டு 'ஏபிடி பர்ஜ்' கொடுத்தால் போதும். கையால் போட்டவர்கள் /பூட் ஃபோல்டரில் அந்தப் பதிப்புப் பெயருள்ள விஎம்லினுஇசட், இனிட்ராம்எஃப்எஸ், சிஸ்டம்.மேப் (முதல் எழுத்து பெரியது), கான்ஃபிக் நான்கையும், /லிப்/மாட்யூல்ஸ் உள்ளே அதே பெயருள்ள ஃபோல்டரையும் அழித்துவிட்டு கிரப்பைப் புதுப்பிக்க வேண்டும். அழிக்கும் முன் 'யூநேம் -ஆர்' பார்த்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மாட்யூல் ஃபோல்டரை அழித்தால், அடுத்து செருகும் பென் டிரைவ்கூடத் தெரியாமல் போகலாம்.